ஆடிக் கச்சானும் 5 ஜிகாஹெர்ட்ஸ் ஆசையும்

புதிதாகக் கொம்பியூட்டர் பூட்டியவர்கள் ஒரு மாதம் போவதற்குள் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "அண்ணா, இதை இன்னும் கொஞ்சம் ஏத்தலாம்தானே?" ஏத்துவது என்றால் புரொசெசரின் வேகத்தை, அதாவது ஓவர்குளொக்கிங். யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் பயோஸுக்குள், அதாவது மதர்போர்ட்டின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் இரண்டு எண்ணை மாற்றி, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்று திரையில் காட்டிச் சிரித்திருப்பான். அதைப் பார்த்த கையோடு வருகிறார்கள். உவர்மலைப் பையன் கேட்டாலும் கின்னியாவிலிருந்து வருகிறவர் கேட்டாலும் நான் சொல்கிற பதில் ஒன்றுதான். ஏத்தலாம். ஆனால் கைக்கு வருவது 3 வீதமோ 5 வீதமோதான். அதுவும் எங்கள் ஊரான திருகோணமலையில் பின்னேரம் மூன்று மணிக்கு நின்று பிடிக்குமா என்பது வேறு கதை.

இதைக் கேட்டதும் பலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. இவருக்கு விஷயம் தெரியாது, அல்லது பயப்படுகிறார் என்று நினைக்கிறார்கள் போல. அதனால் ஆறுதலாக, காரணத்தோடு எழுதி வைக்கிறேன்.

இந்த ஆசை சும்மா வந்ததல்ல, அதற்கு ஒரு நல்ல பூர்வீகம் இருக்கிறது. 1998 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனம் செலரான் 300ஏ என்றொரு மலிவு சிப்பை வெளியிட்டது. வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்ட்டின் பஸ், அதாவது சிப்புக்குத் தரவு போய்வருகிற பாதையின் வேகம் 66, சிப்பின் பெருக்கி 4.5, இரண்டையும் பெருக்கினால் 300 வரும். பெருக்கியில் கை வைக்க முடியாது. ஆனால் நல்ல மதர்போர்ட் இருந்தால் பஸ்ஸை 66-இலிருந்து 100-க்கு மாற்றலாம். 4.5-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், 450. அந்தச் சிப்களில் ஏராளமானவை பெரிய முணுமுணுப்பு இல்லாமல் 450-இல் ஓடின. அதற்குள் இருந்த கேஷ் என்கிற 128 கிலோபைட் சிறு நினைவகமும் சிப்பின் முழு வேகத்திலேயே ஓடியதால், பல மடங்கு விலைக்கு விற்ற பென்டியம் 2-இன் 450 மெகாஹெர்ட்ஸ் சிப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது இந்த ஏழைச் சிப். 50 வீத வேகம், ஐந்து சதம் செலவில்லாமல். அந்தக் காலத்தில் இதைச் செய்து பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள் என்றால் பேசத்தான் செய்வார்கள்.

அப்புறம் 2011 ஜனவரியில் வந்த கோர் ஐ5-2500கே. அடிப்படை வேகம் 3.3 ஜிகாஹெர்ட்ஸ், டர்போவில், அதாவது தேவைப்படும்போது தானே ஏறுகிற வேகத்தில் 3.7. ஒரு நடுத்தர விலைக் கூலரைப் பூட்டி, பெருக்கியை 45-க்கு மாற்றினால் 4.5 ஜிகாஹெர்ட்ஸ் என்பது அந்தச் சிப்பில் சர்வ சாதாரணம். பத்து வருஷத்துக்குப் பிறகும் அதை வைத்துக் கேம் விளையாடியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் ஓவர்குளொக்கிங்கின் பொற்காலம் அதுதான். இன்று வருகிறவர்களின் மனதில் இருக்கிற கணக்கும் பெரும்பாலும் அந்தக் காலத்தில் எழுதப்பட்டதுதான், ஆட்கள்தான் புதியவர்கள்.

அப்போது ஏன் அவ்வளவு இடம் இருந்தது என்று பார்த்தால் இப்போது ஏன் இல்லை என்பது தானாக விளங்கும். ஒரே வேஃபரிலிருந்து, அதாவது ஒரே சிலிக்கன் தட்டிலிருந்து வெட்டி எடுக்கிற சிப்கள் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. சில குறைந்த வோல்டேஜிலேயே நன்றாக ஓடும், சில அடம்பிடிக்கும். பழைய காலத்தில் உற்பத்தியாளர் அத்தனைக்கும் பொதுவாக, மோசமான சிப்பும் மோசமான கேசிங்கும் (கொம்பியூட்டர் பெட்டியும்) தாங்குகிற மாதிரி, ஒரு நிலையான வேகத்தை எழுதிவிடுவார். 450-இல் ஓடக்கூடியதையும் மலிவுச் சந்தைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக 300 என்று எழுதி விற்பார். அந்த இடைவெளிதான் எங்களுக்குக் கிடைத்தது. 2008-இல் இன்டெல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்ததோடு அந்த இடைவெளியைச் சிப்பே பயன்படுத்தத் தொடங்கியது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ரைசன் சிப்களில் இருக்கிற பிரிசிஷன் பூஸ்ட் அதைவிடக் கெட்டிக்காரன். வெப்பம் எவ்வளவு, மின்னோட்டம் எவ்வளவு, சிப்புக்குள் கணக்குப் போடுகிற கோர்களில் எத்தனை வேலை செய்கிறது என்று ஓயாமல் அளந்துகொண்டு, 25 மெகாஹெர்ட்ஸ் படிகளாக வேகத்தை ஏற்றி இறக்குகிறது. நீங்கள் இரவு முழுக்க பயோஸில் இருந்து செய்கிற வேலையை அது ஒரு நொடிக்குள் பல தடவை செய்து முடித்துவிடும்.

கோர் ஐ9-14900கே-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே டர்போவில் 6 ஜிகாஹெர்ட்ஸ். அதற்காக 253 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெலே எழுதியிருக்கிறது. இதில் எங்களுக்கென்று என்ன மிச்சம் வைத்திருக்கிறார்கள்? ரைசன் 7000 வரிசையில் இன்னொரு விதம். முழுச் சுமையில் 95 பாகை வரை போய் அங்கே நின்று ஓடுவதுதான் அதன் வடிவமைப்பு. வெப்பத்துக்கு இடம் இருந்தால் வேகத்தைக் கூட்டும், இல்லாவிட்டால் குறைத்துக்கொள்ளும். ஆக, தொழிற்சாலையிலேயே ஓவர்குளொக் பண்ணித்தான் விற்கிறார்கள்.

ரைசனில் பலர் கவனிக்காத ஒரு பொறியும் இருக்கிறது. ரைசன் 5 5600எக்ஸ் ஒரு கோர் வேலைக்கு 4.6 ஜிகாஹெர்ட்ஸ் வரை தானே ஏறும். பழைய முறையில் பெருக்கியைக் கையால் பூட்டி எல்லாக் கோரையும் 4.5-இல் வைத்தால் அந்தத் தானியங்கி பூஸ்ட் நின்றுவிடும். வேகத்தை அளக்கிற பெஞ்ச்மார்க் சோதனையில் எல்லாக் கோரும் சேர்ந்து ஓடும்போது எண் கொஞ்சம் கூடும். ஆனால் பிரவுசர், பல கேம்கள், அன்றாட வேலை எல்லாம் ஒன்றிரண்டு கோரில் ஓடுபவை, அங்கே முன்பு இருந்ததைவிட மெதுவாகிவிடும். கூட்டப் போய்க் குறைத்துக்கொண்டு வந்து, "இப்ப பறக்குது அண்ணா" என்று சொன்ன ஒருவருக்கு இதை விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

எல்லாச் சிப்பும் எல்லா போர்டும் இதற்கு இடம் தராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்டெலில் பொதுவாகப் பெயரின் கடைசியில் 'கே' இருக்க வேண்டும், மதர்போர்ட் 'இசட்' வரிசையாக இருக்க வேண்டும். இங்கே நிறையப் பேர் வைத்திருக்கிற ஐ5-12400எஃப் அந்தக் கணக்கில் வராது. ரைசன் அநேகமாக எல்லாம் திறந்தவை, ஆனால் ஏ320, ஏ520 போர்டுகளில் புரொசெசரை ஏத்த முடியாது. மேலே கேஷ் அடுக்கிய 5800எக்ஸ்3டி-யின் பெருக்கியை ஏஎம்டி பூட்டித்தான் தந்தது. வெப்பமும் வோல்டேஜும் அந்த அடுக்குக்கு ஆகாது. 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷைக் கோர்களுக்குக் கீழே மாற்றி வைத்த பிறகுதான் பூட்டைத் திறந்தார்கள்.

இனி வோல்டேஜ். எல்லாக் கணக்கும் கடைசியில் இங்கேதான் வந்து முட்டும். சிப் இழுக்கிற மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்டேஜோடு வர்க்கமாகக் கூடும். 1.20 வோல்ட்டில் ஓடுகிற ஒன்றை 10 வீதம் வேகமாக ஓட்ட 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வையுங்கள். 1.35-ஐ 1.20-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 1.27. அதை வேகத்தின் 1.1-ஆல் பெருக்கினால் 1.39. அதாவது 10 வீத வேகத்துக்கு 39 வீதம் கூடுதல் சூடு. திருக்கடலூர்ப் பக்கம் போட் வைத்திருக்கிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதே இல்லை. எஞ்சினின் கடைசிக் கால்வாசித் த்ரொட்டிலில் வேகம் கூடுவது கொஞ்சம், மண்ணெண்ணெய் குடிப்பது கொள்ளை.

அந்த 39 வீதத்தை இந்த ஊரில் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மத்திய மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது காய்ந்து சுட்டுக்கொண்டு வருகிறது கச்சான் காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை பகலில் 33, 34 பாகை என்பது இங்கே சாதாரண நாள். ஓடு போட்ட வீடு என்றால் ஓரளவு பரவாயில்லை. தகரக் கூரையின் கீழ் இருக்கிற அறையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

கூலர் என்பது குளிரூட்டி அல்ல. அறைக் காற்றின் வெப்பத்துக்கு மேலே எத்தனை பாகையில் சிப்பை நிறுத்தி வைக்கும் என்பதுதான் அதன் திறமை. ஒரு விமர்சகர் 21 பாகை அறையில் இருந்துகொண்டு ஒரு கூலரைச் சோதிக்கிறார். சிப் அறையைவிட 45 பாகை மேலே போய் நிற்கிறது, அதாவது 66. அருமையான கூலர் என்கிறார். இப்போது மேலே சொன்ன 39 வீதத்தை ஏத்துங்கள். 45 பாகை ஏறத்தாழ 62 பாகையாகும். அவருடைய அறையில் 83, தாராளமாக ஓடும், வீடியோவும் போடலாம். அதே கூலர், அதே சிப், அதே வோல்டேஜ், ஆடி மாதம் பின்னேரம் எங்கள் அறையில் 34-உம் 62-உம் சேர்ந்து 96. கேசிங்குக்குள் இருக்கிற காற்று அறைக் காற்றைவிடச் சூடு என்பதை இன்னும் சேர்க்கவில்லை. 95-க்கும் 100-க்கும் இடையில் பெரும்பாலான சிப்கள் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பிரச்சினை என்னவென்றால், திரையில் எந்த எச்சரிக்கையும் வராது. எண்ணை மாற்றியவர் 4.8-இல் ஓடுகிறது என்றே நம்பிக்கொண்டிருப்பார், அது 4.2-இல் ஓடிக்கொண்டிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ மாதிரி ஒரு மென்பொருளைத் திறந்துவைத்து, சுமை ஓடும்போது உண்மையான வேகத்தையும் வெப்பத்தையும் பார்க்காதவரைக்கும் இது தெரியவராது.

அதனால்தான் யாராவது ஓவர்குளொக் பண்ணிச் சோதிக்கிறேன் என்றால், எந்த மாதம், எத்தனை மணிக்கு என்று கேட்பேன். சிரிப்பார்கள். மார்கழியில் மழை பெய்துகொண்டிருக்க, இரவு பதினொரு மணிக்கு வாடைக்காற்றில் ஜன்னலைத் திறந்து வைத்துச் சோதித்து 'உறுதி' என்று முடிவு செய்த அமைப்பு, ஆடியில் விண்டோஸ் நின்றுபோய் நீலத் திரை காட்டினால் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. அறை வெப்பம் 8 பாகை மாறிவிட்டது, அவ்வளவுதான்.

கடல் இன்னொரு கணக்கு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையோரமாக இருக்கிற வீடுகளில் கேசிங்கின் திருகாணிகள் எவ்வளவு கெதியில் துருப்பிடிக்கின்றன என்று அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். உப்பு ஈரத்தை இழுக்கும், ஈரத்தில் தூசு ஒட்டும். கூலரின் தகடுகளுக்கு இடையே படிகிற அந்தப் படலம் ஊதினால் போகிற தூசு இல்லை, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியது. இது போதாதென்று கொம்பியூட்டர் மேசையில் கேசிங்குக்கென்றே கதவு போட்ட ஒரு தட்டு வைத்து விற்கிறார்கள். வெட்டவெளியில் வைத்தால் தூசு என்று அம்மாமார் அதற்குள் தள்ளிக் கதவையும் சாத்திவிடுவார்கள். அந்தக் கதவைத் திறந்து, கூலரைக் கழுவித் துடைத்து, சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசிக் காய்ந்துபோன தேர்மல் பேஸ்ட்டை மாற்றினாலே 10, 15 பாகை இறங்கிய மெஷின்கள் உண்டு. நவீன சிப் என்றால் அந்த இடத்தைப் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். பயோஸில் ஒரு எண்ணையும் தொடாமல் செய்த ஓவர்குளொக் என்று இதைத்தான் சொல்வேன்.

சரி, எல்லாம் கூடிவந்து 4 வீதம் உண்மையாகவே கிடைத்துவிட்டது என்று வைப்போம். அது எங்கே தெரியும்? கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிற ஒருவரின் எக்ஸ்போர்ட் 50 நிமிடம் என்றால் 48 நிமிடமாகும். அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு பிளேன்டீகூட ஊற்ற முடியாது. கணக்கு வேலை, தமிழ் டைப்பிங், ஒன்லைன் வகுப்பு, இவற்றில் ஒன்றுமே தெரியாது. இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் வைத்திருக்கிறவர் எஸ்எஸ்டி வாங்கிப் போட்டால் தெரியும் வித்தியாசம், புரொசெசரை எவ்வளவு ஏத்தினாலும் வராது.

கேம் விளையாடுகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை. விளையாடும்போது கிராபிக்ஸ் கார்டின் பாவனை 97, 98 வீதம் என்று காட்டினால், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது கிராபிக்ஸ் கார்ட். புரொசெசரை ஏத்தி ஒரு பிரேம்கூடக் கூடாது. கேமின் ரெசொலூஷனைக் குறைத்துப் பாருங்கள். பிரேம் கூடினால் கார்டுதான் தடை. கூடாவிட்டால்தான் புரொசெசரைப் பற்றியே பேச வேண்டும். இங்கே வருகிற மெஷின்களில், பழைய கார்ட் ஒன்றோடு புதிய புரொசெசர் பூட்டியவைதான் அதிகம். கேம் இழுக்கிறது என்றதும் குற்றம் புரொசெசரின் தலையில் விழுகிறது.

ஓவர்குளொக் பண்ணித் தாருங்கள் என்று கொண்டுவரப்பட்ட மெஷின்களில் நான் முதலில் பார்ப்பது ரேமைத்தான். டிடிஆர்4 3200 என்று காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள், பயோஸில் அது 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருக்கும். எக்ஸ்எம்பி என்ற ஒரு தெரிவை இயக்கினால்தான் வாங்கிய வேகம் கிடைக்கும் என்று விற்றவரும் சொல்லியிருக்க மாட்டார். ரைசனில் கோர்களை இணைக்கிற உட்பாதையின் வேகமும் ரேமோடு சேர்ந்தே போவதால் இழப்பு இரட்டிப்பு. அதைப் போட்டுவிட்டு, ஒற்றை ரேமாக இருந்தால் இன்னொன்றையும் சேர்த்து, இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்கிற இரட்டைச் சனலாக்கினால், புரொசெசரை நம்பி ஓடுகிற சில கேம்களில் 10 வீதத்துக்கு மேலும் கூடும். ஓவர்குளொக் என்று கேட்டு வந்தவருக்கு நான் செய்துகொடுப்பது பெரும்பாலும் இதுதான். கண்டிப்பாகப் பார்த்தால் எக்ஸ்எம்பியும் ஓவர்குளொக்தான், ஆகவே சொன்ன சொல்லும் தவறவில்லை. ஆனால் போட்ட பிறகு ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ ஒரு முழுச் சுற்றாவது ஓடவிடுவேன்.

அதற்குக் காரணம் உண்டு. மெஷின் நின்றுபோனால் அது நல்ல பிழை, கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத பிழைதான் ஆபத்து. உறுதியில்லாத ரேமோ புரொசெசரோ ஆயிரம் கோடிக் கணக்கில் ஒன்றைத் தவறாகப் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருக்கும். அந்த ஒன்று ஒரு படத்தின் நடுவில் போய் விழுந்தால் ஒரு கோடு. ஏ.எல். எடுக்கிற பிள்ளையின் புரொஜெக்ட் பைலில் விழுந்தால், சமர்ப்பிக்கிற நாளில் அது திறக்காது. பத்து நிமிடம் சினிபெஞ்ச் என்கிற பெஞ்ச்மார்க் ஓடியது என்பதை நான் உறுதி என்று எடுப்பதில்லை. முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கிற பிரைம்95 அல்லது ஓசிசிடியை ஒரு வெக்கையான பின்னேரத்தில் சில மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் விண்டோஸின் பதிவுகளைக் காட்டுகிற ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ என்று தொடங்குகிற வன்பொருள் பிழை ஏதாவது பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று இருந்தாலும் பின்வாங்க வேண்டியதுதான். வோல்டேஜைக் குறைத்து ஓட்டும்போது இன்னொரு விசித்திரம். முழுச் சுமையில் அசையாமல் நிற்கும். விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், சும்மா இருக்கும்போது ரீஸ்டார்ட் ஆகும். சுமை குறைவாக இருக்கையில்தான் ஒற்றைக் கோர் உச்ச வேகத்துக்குத் தாவும். அந்தத் தாவலுக்கு வோல்டேஜ் போதாமல் போய்விடுகிறது.

கரண்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 பெப்ரவரியில் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சரே சொன்ன தேசம் இது. ஆகவே யூபிஎஸ் இல்லாமல் யாரும் மெஷின் பூட்டுவதில்லை. பெரும்பாலும் 650 விஏ. அது 650 வாட் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது தாங்குவது 400 வாட்டுக்குள். கிராபிக்ஸ் கார்டோடு ஓவர்குளொக் பண்ணிய புரொசெசரும் சேர்ந்து இழுக்கும் நேரத்தில் கரண்ட் போனால், யூபிஎஸ் ஒரு கத்துக் கத்திவிட்டுத் தானும் போய்விடும். பிறகு யூபிஎஸ் பற்றரி சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டை.

2024-இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை உயர்ரகச் சிப்களுக்கு நடந்ததையும் இவர்களுக்கு ஞாபகப்படுத்துவேன். ஒருவரும் ஏத்தாமலேயே, தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜ் போய்ச் சிப்கள் நாளடைவில் தளர்ந்து, கேம்கள் விழத் தொடங்கின. இன்டெல் அந்த ஆகஸ்டில் மைக்ரோகோட் (சிப்பின் உள் நிரல்) திருத்தம் ஒன்றை வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு வருஷம் கூட்டியது. வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்தால் சிப்புக்குள் இருக்கிற நுண்ணிய உலோகப் பாதைகளுக்கு வயதாகும் என்பது பாடப்புத்தக விஷயமாக இருந்தது, அந்த வருஷம் கடைத்தெரு விஷயமானது. மேலை நாடுகளில் உள்ளவர்களுக்கு உத்தரவாதம் என்றால் ஒரு பார்சல். இங்கே என்றால், சிப்பைக் கழற்றிப் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த யுனிட்டி பிளாசாவின் மாடிகளில் ஏறி இறங்கி, "வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் மாத்த வேணும்" என்ற பதிலோடு திரும்பி வருவது. ஏத்தி எரித்த சிப் என்று தெரிந்தால் அந்தப் பதிலும் கிடைக்காது.

அப்படியானால் பயோஸில் கை வைக்கவே கூடாதா? வைக்கலாம், மற்றப் பக்கமாக. ரைசன் 5000-இலும் அதற்குப் பிந்தியவற்றிலும் கேர்வ் ஒப்டிமைசர் என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேகத்துக்கும் சிப் கேட்கிற வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிற அமைப்பு. எல்லாக் கோருக்கும் மைனஸ் 10 என்று தொடங்கி, சோதித்துக்கொண்டே மைனஸ் 15, 20 என்று போகலாம். எங்கே நிற்கும் என்பது உங்கள் சிப்பின் அதிர்ஷ்டம், இன்னொருவரின் எண்ணைப் பார்த்து எழுதக் கூடாது. வோல்டேஜ் குறைய வெப்பம் குறையும், வெப்பம் குறைய சிப் தானாக ஒரு படி மேலே ஏறும். ரைசன் 5 7600எக்ஸ் போன்ற 105 வாட் சிப்பை ஈகோ மோட் என்கிற சிக்கனத் தெரிவில் 65 வாட்டுக்கு இறக்கினால், கேமில் இழப்பது கண்ணுக்குத் தெரியாத அளவு, அறையில் குறைகிற வெக்கை காலில் தெரியும். இன்டெலிலும் பவர் லிமிட்டை (மின்சார உச்ச வரம்பை) இறக்கினால் இதே கதைதான், கடைசி 100 வாட் வாங்கித் தருகிற வேகம் மிகச் சொற்பம்.

பழைய முறையில் ஏத்துவதை நான் முற்றாக விட்டுவிட்டேன் என்றும் இல்லை. பழைய 2500கே-உம் அதற்கேற்ற போர்டும் யாரிடமாவது கிடந்து, புதிதாக வாங்க வழியில்லாத பிள்ளை ஒன்று அதில் படிக்கிறது என்றால், 4.2-க்கு ஏத்திக் கொடுப்பது நியாயமான வேலை. சிப் செத்தாலும் போகிற காசு கொஞ்சம். ஆர்வத்துக்காகச் செய்கிறவர்களையும் தடுக்க மாட்டேன். திரவ ஹீலியம் ஊற்றி 9 ஜிகாஹெர்ட்ஸைத் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். அந்த வேகத்தில் மெஷின் ஓடுவது ஒரு சாதனைப் படம் எடுக்கிற நேரத்துக்குத்தான், அதற்குப் பிறகு அதில் ஒரு கடிதமும் டைப் பண்ண முடியாது. தெரிந்தே செய்கிறார்கள். அது ஒரு விளையாட்டு, விளையாட்டில் லாப நட்டம் பார்ப்பதில்லை.

இவ்வளவையும் சொன்ன பிறகும் 5 ஜிகாஹெர்ட்ஸ்தான் வேண்டும் என்று நிற்பவர்களிடம் கடைசியாக மின்சாரப் பில்லை எடுத்துவரச் சொல்வேன். ஓவர்குளொக்கால் 60 வாட் கூடுகிறது, நாளுக்கு 8 மணி நேரம் அந்தச் சுமையில் ஓடுகிறது என்று எடுத்தால் மாதம் 14 யூனிட்டுக்கு மேல். இங்கே யூனிட்டுக்கு விலை படிப்படியாக ஏறுகிறது. 85 யூனிட்டில் நின்ற வீடு 90-ஐத் தாண்டினால் மேலதிக யூனிட்டின் விலையோடு நிலையான கட்டணமும் கூடும். அண்மையில் வந்த தம்பி இந்தக் கணக்கைத் தன் போனில் போட்டுப் பார்த்தான். பில் கட்டுவது அப்பா என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஈகோ மோட் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.